மாம்பழ ஃபேக்டரியில் மாம்பழப் புகை

சித்தூரிலிருந்து திருப்பதி போகிற ரோட்டில், புத்தலப்பட்டு பக்கம், மாம்பழக் கூழ் செய்கிற ஃபேக்டரி ஒன்றில் எனக்கு வேலை. சீசன் வந்துவிட்டால் ரோட்டோரம் லாரியும் டிராக்டருமாக வரிசை கட்டி நிற்கும். எல்லாம் பெங்களூரா மாங்காய்தான். கிளி மூக்கு மாதிரி நுனி வளைந்திருக்குமே, அது. காயாகத்தான் வரும். அதைக் கூடை கூடையாக ஷெட்டில் அடுக்கிப் பழுக்கவிட்டு, பழுத்த கூடையை மட்டும் உள்ளே மெஷினுக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கூடை இன்றைக்குப் போகலாம், எது நாளை வரைக்கும் நிற்கலாம் என்று சொல்வது என் வேலை. இதற்கு நான் எங்கேயும் போய்ப் படிக்கவில்லை. ஷெட்டுக்குள் நடந்தபடி மோந்து பார்ப்பேன். சந்தேகம் வந்தால் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

ஷெட்டுச் சாவி என் இடுப்பில் தொங்கும். மற்ற மாதங்களில் என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சீசனில் மட்டும் அந்தச் சாவி குலுங்குகிற சத்தம் கேட்டால்தான் பழம் பொறுக்குகிற பெண்கள் எழுந்து கை கழுவுவார்கள், பெல்ட் ஓடும், மெஷின் உறுமும். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். வேண்டுமென்றே கொஞ்சம் ஆட்டி நடப்பேன்.

ஒரே ஒரு தொல்லை, சிகரெட். ஃபேக்டரிக்குள் பிடிக்க முடியாது, தின்கிற பொருள் செய்கிற இடம். கேட்டுக்கு எதிரே டீக்கடை. அங்கே போனால் ஒரு சிகரெட்டோடு திரும்ப மாட்டேன். அந்தக் கடைக்காரர் வாயிலிருந்து வருகிற பேச்சுக்காகவே நின்றுவிடுவேன். "உன் சிகரெட் தீர்றதுக்குள்ள ஒரு பொண்ணு பாத்து, பரிசம் போட்டு, கோவிச்சிக்கினே எழுந்து வந்துடலாம்டா" என்பார். இதைக் கேட்டுச் சிரித்து முடிப்பதற்குள் இன்னொன்று பற்றவைத்திருப்பேன். உள்ளே பெல்ட் காலியாக ஓடிக்கொண்டிருக்கும்.

பொறுக்குகிற பெண்களுக்கெல்லாம் பெரியவள் ஒருத்தி. நான் மட்டும் இல்லை, மேனேஜரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "சாவி எங்க?" என்று யாராவது கேட்டால் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வாள்: "கேட்டாண்ட பொகையுது பாரு, அதுக்குக் கீழ இருக்கும்."

மேனேஜர் தெலுங்குக்காரர், நல்ல மனுஷர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கூப்பிட்டார். "சிகரெட்டா, தாளம்செவியா, ஏதோ ஒகட்டி செப்பு" என்றார். சிகரெட்டா சாவியா, இரண்டில் ஒன்று சொல்லு என்கிறார். "கூழ் வாங்கற கம்பெனி ஆளு சென்னையில இருந்து வருவான். உன் சட்டையில பொகை நாத்தம் வந்தா எனக்கு மானம் போவும். அப்புறம் நீ லாரி எறக்கப் போயிடு, சாவிய வேற ஆளுகிட்ட குடுத்துடறேன்."

சிகரெட் பெட்டியை அவர் எதிரிலேயே குப்பைக் கூடையில் போட்டேன். மூட்டை தூக்குவதற்குப் பயந்து அல்ல. சாவி போய்விட்டால் அப்புறம் நான் யார்?

சொந்தமாக விட்டுப் பார்த்தேன். கிராம்பு மென்றேன், டீயாகக் குடித்தேன். வீட்டில் தட்டு வைக்கிற சத்தத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தேன். என் வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்து நின்றாள். "இந்தாய்யா, நீ சிகரெட்ட உட்டியா, எங்கள உட்டியா? அத்த மட்டும் தெளிவா சொல்லிடு."

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் திருப்பதிக்குப் போனோம். அவள் தம்பி, என் மச்சான், அங்கே கார் ஓட்டுகிறான். ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் ஆட்களை ஏற்றி மலைக்குக் கொண்டுபோய் விடுவான். மலைக்குக் கீழே செக்கிங் உண்டல்லவா? பீடி, சிகரெட் எதுவும் மேலே போகக் கூடாது. அதனால் வருகிறவர்கள் அதையெல்லாம் இவன் காரிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். சாமி பார்த்து இறங்கினதும் பாதிப் பேர் "இனிமே வேணாம்பா, நீயே வெச்சிக்கோ" என்று போய்விடுவார்களாம். அந்த வைராக்கியம் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்பது வேறு கதை.

அப்படி ஒருத்தர் விட்டுப்போன பையில் பிரிக்காத பெட்டி மூன்று இருந்தது. உள்ளே விரல் நீளத்துக்கு, கலர் கலராய், பிள்ளைகள் கோடு போடுகிற ஸ்கெட்ச் பேனா மாதிரி ஒரு சாமான்.

"இன்னா மச்சான் இது?"

"வேப் மாமா. நெருப்பு இல்ல, சாம்பல் இல்ல. உறிஞ்சினா ஆவி வரும், அவ்ளோதான்."

"ஆவின்னா? இட்லி குண்டான் மாதிரியா?"

"ஆமா. நீதான் இட்லி."

நான் ஒன்றைக் கையில் எடுத்ததும் அவன் குரலைத் தாழ்த்தினான். "மாமா, இத நம்ம ஊர்ல விக்கவே கூடாது, தடை. வெளிய காட்டிக்கினு திரியாத. இன்னொண்ணு, சிகரெட்டுல இருக்கிற போதை இதுலயும் இருக்குது. மருந்துன்னு நெனச்சிக்காத."

என் காதில் பாதிதான் விழுந்தது. மூன்று பெட்டியில் ஒன்று புதினா, ஒன்று ஏதோ வெளிநாட்டுப் பழம், மூன்றாவதில் மாம்பழப் படம். என் மூளை அன்றைக்கு வேலை செய்தது மாதிரி வாழ்க்கையில் என்றைக்கும் செய்ததில்லை. மாம்பழ ஃபேக்டரியில் மாம்பழ வாசனையை எவன் கண்டுபிடிப்பான்?

மச்சானிடம் சொன்னேன். அவன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். "மாமா, இந்த மூளையோட மலைக்கு மட்டும் போயிடாத. செக்கிங்ல புடுங்கி வெச்சிக்குவாங்க."

மாம்பழப் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். முதல் நாள் பீடி இழுக்கிற மாதிரி இழுத்து, இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது. பழக்க தோஷம், நடுவில் சாம்பல் தட்டினேன். டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். "பேனாவத் தட்டினா எழுத்தா கொட்டும்?" என்றார். அப்புறம் அவரே, "நெருப்பு கேக்காத ஆளுகிட்ட பேச்சு குடுக்க ஒரு சாக்கும் இல்லியேடா" என்று கொஞ்சம் வருத்தப்பட்டார். அது உண்மைதான். தீப்பெட்டி கேட்டு எத்தனை பேரிடம் எத்தனை கதை கேட்டிருக்கிறேன்.

கேட்டுக்கு வெளியே போகிற தேவையே இல்லாமல் போனது. ஷெட்டுக்குள் கூடை வரிசைக்கு நடுவில் நின்று ஒரு இழுப்பு. கை கழுவுகிற இடத்தில் ஒரு இழுப்பு. சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. விரலைச் சுட்டு, போடா வேலைக்கு என்று விரட்டும். இது விரட்டவே இல்லை. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, முன்னைவிட அதிகமாக ஊதிக்கொண்டிருந்தேன்.

தினமும் காலையில் மேனேஜர் என் சட்டைக்குப் பக்கத்தில் வந்து ஒரு மூச்சு இழுப்பார். மாம்பழ வாசனை. ஷெட்டில் வேலை செய்கிறவன் மேல் வேறு என்ன வாசனை வரும்? "பாக உந்தி", நன்றாக இருக்கிறது என்று தட்டிக் கொடுத்துப் போவார். சாவி குலுங்கியது. வீட்டில் மட்டும், "சிகரெட் நாத்தம் போயி ஜூஸ் கடை நாத்தம் வருது, எந்த ஜூஸ் கடையில குந்திக்கினு இருக்கியோ" என்ற சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது.

சென்னை ஆள் வந்தார். தலையில் வலைத் தொப்பி, கையில் சின்ன ஸ்பூன், மெதுவாகப் பேசுகிற மனுஷர். நல்ல வெயில். கூழ் ஓடிக்கொண்டிருந்தது. நான் அப்போதுதான் பெல்ட் பக்கம் போய், இரண்டு கூடை காட்டிவிட்டு, ஷெட்டுக்குத் திரும்பியிருந்தேன்.

அவர் நின்ற இடத்திலேயே மூக்கைத் தூக்கினாராம். "இது என்ன வாசனை?"

அக்கா சொன்னாளாம்: "நானும் அதான் பாக்கறேன் சார். ஐஸ்கிரீம் வண்டி பூந்து போன மாதிரி இருக்குது."

"எசென்ஸ் சேர்க்கறீங்களா?" என்று அவர் கேட்டார்.

அந்த வார்த்தையை எங்கள் ஃபேக்டரியில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். வெறும் பழம் மட்டும்தான் என்று சொல்லி விற்கிற சரக்கு. எசென்ஸ் கலந்தது என்று ஆகிவிட்டால் அன்றைய கூழ் மட்டும் அல்ல, அந்தக் கம்பெனியே போய்விடும். பெல்ட் நின்றது. மெஷின் நின்றது. மேனேஜர் நெற்றியில் வியர்வையோடு கத்தினார்: "ஷெட்டு ஆளக் கூப்பிடு! அவன் மூக்குக்குத் தெரியும்!"

போனேன். எனக்கு அப்போது பெருமைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் நான், பின்னால் சென்னை ஆள், மேனேஜர், தரம் பார்க்கிற மேடம். பழம் கழுவுகிற தொட்டிக்குப் போனோம். "இங்க இருக்கு" என்றார் சென்னை ஆள். மூடி திறந்து பார்த்தோம், வெறும் தண்ணீர். கூழ் பீப்பாய்ப் பக்கம் போனோம். "இங்கயும் இருக்கு." கொட்டை விழுகிற இடம். "ஐயோ, இங்கயும்" என்றார் மேடம். எங்கே போனாலும் வாசனை எங்களுக்கு முன்னாலேயே போய் நின்றது.

எனக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. குனிந்தேன், நிமிர்ந்தேன், நெஞ்சு நிறைய இழுத்தேன். ஒன்றுமே இல்லை.

"எனக்கு வரலியே சார்."

"ஜலுபு செஸிந்தா?" என்றார் மேனேஜர். சளி பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார். சளி எதுவும் இல்லை.

பெல்ட் ஓரமாக நின்றிருந்த அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தம்பி, கொஞ்சம் அந்தாண்ட போ" என்றாள். போனேன். "இந்தாண்ட வா." வந்தேன். "மறுபடி போ." போனேன். பொறுக்குகிற பெண்கள் எல்லோரும் என்னோடு சேர்த்துத் தலையை இங்கேயும் அங்கேயும் திருப்பினார்கள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"உன் ஜோபு ஏன் நனைஞ்சிருக்குது?"

தொட்டுப் பார்த்தேன். பிசுபிசு என்று ஒட்டியது. வெயிலில் அந்தச் சாமான் பாக்கெட்டுக்குள்ளேயே ஒழுகியிருக்கிறது.

எடுத்து நீட்டினேன். வேறு என்ன செய்ய? சென்னை ஆள் டிஷ்யூவில் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். "இதுதான்! இதேதான்!" என்று கத்தினார். அப்புறம் அவர்தான் முதலில் சிரித்தார். பெண்கள் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "எசென்ஸ் பாட்டில் நடந்துக்கினே கீதுடி!" என்று யாரோ சொன்னாள்.

என்னைக் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு மறுபடியும் எல்லாவற்றையும் மோந்து, ருசித்து, சோதித்துப் பார்த்தார்கள். கூழில் ஒரு குறையும் இல்லை. பெல்ட் ஓடுகிற சத்தம் எனக்கு வெளியே கேட்டது.

மேனேஜர் வந்து கையை நீட்டினார். "சிகரெட் நாத்தம் இல்லியே சார்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"நாத்தத்துக்காகக் கேக்கல" என்றார். "ஃபேக்டரி மொத்தத்துக்கும் தெரிஞ்ச வாசனை உனக்குத் தெரியல. நீ எப்படி எனக்குப் பழம் சொல்லுவே? மூக்கு வரட்டும், சாவி வரும்."

நாள் முழுக்க அந்தப் பொய் மாம்பழத்தை இழுத்து இழுத்து, மாம்பழம் என்றாலே என் மூக்கு கண்டுகொள்ளாமல் போயிருந்தது. புதினாவை எடுத்திருந்தாலாவது பிழைத்திருப்பேனோ என்னவோ. சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். இடுப்பு லேசானது. அந்த லேசு பிடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து லாரி இறக்கினேன். இறக்குகிற ஆட்கள் எல்லோரும் "எசென்ஸ், இந்தக் கூடையப் புடி" என்றுதான் கூப்பிட்டார்கள். லாரி நிழலில் குந்தி பீடி பற்றவைத்து என் பக்கம் நீட்டுவார்கள். கை தானாக எழும். பல்லைக் கடித்து இழுத்துக்கொள்வேன். சிகரெட்டும் இல்லை, பேனாவும் இல்லை. ராத்திரி வீட்டுக்குப் போய் அப்படியே விழுவேன். "இப்ப எரிஞ்சி உழறதில்லியே, இன்னா மருந்து சாப்புடறே?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி. முதுகு வலி என்றேன். "நல்ல மருந்து, நிறுத்திடாத" என்றாள்.

ஒரு காலையில் லாரியின் பின்கதவைத் திறந்தார்கள். காயின் பச்சை வாசனை, காம்பில் வடிகிற பாலின் வாசனை. அதற்கு அடியில் எங்கேயோ ஒரு இனிப்பு, நூல் மாதிரி மெல்லிசாக. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"அடியில ஒண்ணு பழுத்திருக்குது."

"எசென்ஸ் ஆரம்பிச்சிட்டான்டா" என்று சிரித்துக்கொண்டே இறக்கினார்கள். பாதி லாரி காலியானதும் ஒருத்தன் கையில் மஞ்சளாக ஒரு பழம் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அதை நான்தான் தின்றேன்.

மத்தியானம் அக்கா வந்தாள். இத்தனை நாளும் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. "வா" என்றாள். ஷெட்டைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றாள். "சொல்லு."

நான் மெதுவாக உள்ளே நடந்தேன். முதல் வரிசை இன்னும் காய். அடுத்தது நாளைக்கு. சுவரோரம் போனதும் வாசனை முகத்தில் அடித்தது. "இது நேத்தே போயிருக்கணும்க்கா. யாரு நிறுத்தி வெச்சது?"

"நான்தான்டா, கண்டுபுடிச்சிட்டே பாரு!" என்று சாவியைக் கழற்றி என் மேலேயே வீசினாள். "எட்த்துக்கோ. இடுப்பெல்லாம் நோவுது." அப்புறம் கிட்டே வந்து என் சட்டைப் பாக்கெட்டில் மூக்கை வைத்துப் பார்த்தாள். உள்ளே வேர்க்கடலை இருந்தது. ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனாள்.

சாவியை முடிந்துகொண்டிருக்கும்போது மச்சான் போன் செய்தான். "மாமா, அந்தப் புதினா பெட்டி அப்படியே கீதே, எடுத்துக்கினு வரட்டா?"

"அத மலைக்குக் கீழ செக்கிங்லயே குடுத்துட்டு வந்துடு மச்சான்" என்றேன்.

"நிஜமாவா? சிகரெட்டு?"

சீசன் இருக்கிற வரைக்கும் இல்லை என்றேன். சீசன் முடிந்து என்ன ஆவேன் என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உள்ளே யாரோ ஒருத்தி அக்காவைக் கேட்பது காதில் விழுந்தது: "சாவி எங்கக்கா?" இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டினேன்.