இலைக்கு இலை தெரிகிற படம்

என் வீட்டுக்காரருக்கு என்னைவிட அந்தப் பெட்டிமேல்தான் ஆசை என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து வாங்கிய படப்பெட்டி அது. முன்னால் கண்ணாடிக் கண், நடுவில் கொல்லன் துருத்திபோல மடியும் தோல், பின்னால் மங்கலான தேய்த்த கண்ணாடி. அதற்கான பிலிம் சுருளாக வராது. ஒவ்வொன்றும் பெரிய வேதப்புத்தகப் பக்கம் அளவுக்குத் தனித்தனித் தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு வாத்தியார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெட்டியையும் முக்காலியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போய்விடுவார். பொழுது அடைந்து வரும்போது ஒரே ஒரு படம் எடுத்திருப்பார். சில நாள் அதுவும் இருக்காது.

"அந்த மலை என்ன ஓடியா போவுது? நாளைக்கு எடுத்தா ஆகாதோ?" என்பேன்.

"மலை போவாதுட்டி. வெளிச்சம் போயிரும்" என்பார்.

ஒருமுறை கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு நானும் பார்த்தேன். வயல் மேலே, வானம் கீழே, எல்லாம் தலைகீழாகத் தொங்கியது. இதற்கா இத்தனை பாடு என்று துணியை உதறிவிட்டு வந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எனக்குச் சயரோகம் வந்தது. பின்பக்க அறையில் தனியாகப் படுக்கப் போட்டார்கள். அம்மா வீடு தோவாளைக்கு அப்பால். முட்டுவாதத்தால் அவளால் வண்டியேறி வர முடியவில்லை; அண்ணன் பெண்டாட்டி, என் மதினிதான், அவளுக்குத் துணை. ஞாயிறுதோறும் இவர்தான் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

"அம்மை சொகமா இருக்கா. முட்டு வலியோட முழங்கால்ல நின்னு ஒனக்கு செபம் பண்ணுகா" என்று சேதி சொல்வார். கூடவே அம்மா சுட்டுக் கொடுத்த பலகாரமென்று ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்து. ஐப்பசி மழைக்குப் பிறகு அதில் ஏலக்காய் மணத்தது. அம்மா சுக்குதான் போடுவாள். வயசாகிவிட்டது, கை மறந்துபோகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

படுத்துக் கிடந்து ஓட்டுக்கூரையையே பார்த்துச் சலித்துப்போய், "எங்க அம்மை வீட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துக் கொண்டு வாங்க. அதையாவது பாக்கேன்" என்று ஒருநாள் கேட்டேன். நானாக அந்தப் பெட்டியைத் தூக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. குதிப்பார் என்று பார்த்தால் முகம் சுண்டிப்போயிற்று. மழை என்றார், மப்பு என்றார். நான் அழுத பிறகுதான் எடுத்தார்.

வயலுக்கு அந்தப்புறம் இருக்கும் பாறைமேல் ஏறி, வெகு தூரத்திலிருந்து எடுத்திருந்தார். பிலிமைத் தாளோடு சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி முற்றத்து வெயிலில் வைத்துப் பதித்தது. அதனால் பிலிம் எத்தனை பெரிதோ படமும் அத்தனை பெரிது.

"பெட்டிக் கண்ணை ஊசித்துவாரமா சுருக்கி வச்சேன். காத்து நிக்கது வரை காத்துக் கெடந்தேன். இலைக்கு இலை தெரியும் பாரு" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் பழைய ஆளாக இருந்தார்.

அவர் பள்ளிக்கூடம் போனதும் மேசையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின்மேல் வைத்தேன். அந்தக் கிறுக்கு என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது பார்த்து முடிக்கிற படமில்லை, உள்ளே போகிற படம். வரப்பில் நடந்தேன். மதகைத் தாண்டினேன். நான் துணி துவைத்த கல் கிடந்தது. எங்கள் வீட்டுக் கூரையில் உடைந்த ஓட்டுக்குப் பதிலாக வைத்த தகரம்கூடத் தெரிந்தது. வீடு வந்து சேர்ந்த சந்தோஷத்தில் தோப்புக்குள் போனேன். அயனி மரத்தடியில் அப்பா கல்லறை, அதன் வெள்ளைச் சிலுவை கடுகளவு. பக்கத்தில் இன்னொன்று.

அந்த இடத்தில் அம்மா ஒரு வாழைக்கன்றுகூட நட விட்டதில்லை. "அது எனக்குள்ள எடம்" என்பாள்.

பிலிமில் தூசி விழுந்தால் படத்தில் வெள்ளைப் புள்ளியாக வரும் என்று அவர் சொல்வதுண்டு. தூசியாக இருக்கட்டும் ஆண்டவரே என்று கெஞ்சினேன். தூசி இரண்டு பக்கமும் கை நீட்டிக்கொண்டு நிற்குமா? அதிர்ச்சி எதுவும் இவள் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காக எல்லாருமாகச் சேர்ந்து என் அம்மாவை எனக்குத் தெரியாமல் புதைத்துவிட்டார்கள். அத்தனை பேர்மேலும் ஆத்திரம் வந்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். இருமுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பொட்டலத்தோடு வந்தார். சண்டை பிடிக்க வேண்டும் என்றுதான் கிடந்தேன். வாயைத் திறந்தால் வேறு வார்த்தை வந்தது.

"அம்மை என்ன சொன்னா?"

"கஞ்சிய மிச்சம் வைக்காம குடிக்கச் சொன்னா."

குடித்தேன். அடுத்த ஞாயிறும் கேட்டேன். அம்மா வளர்க்கும் மயிலக்கோழி அடைகாக்கிறது என்றார். அதற்கடுத்த ஞாயிறு, அம்மா என் சின்ன வயதுச் சேட்டையைச் சொல்லிச் சிரித்தாள் என்றார். கணக்கு வாத்தியாருக்கு அவ்வளவு சொல்ல வருமென்று நான் நினைத்ததில்லை. முந்திரிக்கொத்தைத் தின்றேன். என் மதினி ஏலக்காயை அள்ளிப் போட்டிருந்தாள்.

படத்தில் அந்த ஓர் இடம் மட்டும் என் விரல் பட்டுப் பட்டு மங்கியது. ஒருநாள் துடைப்பதற்காக எடுத்தவர் அதைக் கண்டார். பூதக்கண்ணாடியோடு சன்னல் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்று அந்த இடத்தைப் பார்த்தார்.

"அம்புட்டு தூரத்துல தெரியாதுன்னு நெனச்சேன்" என்றார். "எப்பம் பாத்த?"

"அன்னைக்கே."

"பொறவு ஏன்ட்டி என்னைய வாரா வாரம் பொய் சொல்ல வச்ச?"

"தெரியும்னு சொன்னா நீங்க நிறுத்திருவியளே."

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். கல்யாணம் ஆன நாள்முதல் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவர் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

அடுத்த ஞாயிறும் அவர் போனார். அயனி மரத்தடியில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அம்மா ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் அம்மா செத்தாள்.