பட்டின் மேல் துப்பிய கஞ்சி

இஸ்திரிப்பெட்டிக்குள் கஞ்சி ஊற்றிய மனிதரோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன். இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் ரத்தம் கொதிக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில், மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு மாடிப் போர்ஷன். துபாயிலிருந்து வந்த நாத்தனார் ஒரு ஸ்டீம் அயர்ன் கொடுத்துவிட்டுப் போனாள். கூடவே ஒரு சின்னப் புத்தகம். வீட்டில் அதைப் படித்த ஒரே ஆள் நான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் தவிர எதுவும் கூடாது. முடிந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். பருத்திக்கு நல்ல சூடும் நீராவியும். நைலானைத் தொட்டும் தொடாமலும். பட்டென்றால் உள்பக்கம் திருப்பி, இளஞ்சூட்டில், நீராவியே இல்லாமல்.

கணவருக்கு வெள்ளைச் சட்டை அட்டை மாதிரி நிற்க வேண்டும். சோறு வடித்த கஞ்சியில் முக்கி, உலர்த்தி, தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்துத் தேய்ப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போயிருந்தபோது அவருக்கு மூளை வேலை செய்துவிட்டது. கஞ்சியை வடிகட்டிப் பெட்டியின் வாயில் ஊற்றிச் சட்டையைத் தேய்த்திருக்கிறார். மிச்சத்தோடு அப்படியே அலமாரியில் வைத்துவிட்டார். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு இன்டர்வியூ. பி.எட். முடித்து ஆறு வருடம் அடுப்படியில் நின்ற பிறகு வந்த முதல் அழைப்பு. இருந்த ஒரே நல்ல சேலை, கிளிப்பச்சை மைசூர் பட்டு. திருப்பிப் போட்டேன், குமிழைப் பட்டுக்கு வைத்தேன், முந்தானையில் ஒரு இழுப்பு. பெட்டி இருமியது. பழுப்பாய், கொழகொழவென்று, தீய்ந்த சோற்று வாசனையோடு உள்ளங்கை அகலத்துக்குத் துப்பியது.

"என்னங்க ஊத்தினீங்க இதுல?"

"கஞ்சிதான். சட்டை எப்படி மொடமொடன்னு வந்துச்சு தெரியுமா." பிறகுதான் கறையைப் பார்த்தார். "பட்டுல வைக்கறதுக்கு முன்னாடி பழைய துணில ஓட்டிப் பாக்க வேணாமா? படிச்சவதானே நீ."

மாமியார் கூடத்திலிருந்தே கன்னடத்தில், "ஹோகலி பிடு," என்றார். போனால் போகட்டுமாம். அவர் சொன்னது சேலையை இல்லை, இன்டர்வியூவை. "காலங்காத்தால சகுனமே சரியில்ல."

"அம்மா சொல்றதும் சரிதான். இந்த வேலை இல்லேன்னா என்ன, வீட்ல சோறா இல்ல?"

"சோறு இருக்கு. கஞ்சிகூட இருக்கு."

ஈரத்துணியால் ஒற்றினேன். கறை இன்னும் பரந்தது. அதையே கட்டினேன். மறைத்து மடிக்கவில்லை, முந்தானையை முன்னால் விட்டுக்கொண்டு படியிறங்கினேன். ஆட்டோவில் அழுகை வரவில்லை, பல்தான் வலித்தது. அவ்வளவு கடித்திருக்கிறேன்.

தலைமையாசிரியை என் சான்றிதழ்களைப் பார்ப்பதற்கு முன் சேலையைப் பார்த்தார்.

"கஞ்சி மேடம்," என்றேன். "காய்ச்சினது நான். இஸ்திரிப்பெட்டியில ஊத்தினது வேற ஆளு."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "சயின்ஸ் டீச்சர் வேலைக்குத்தானே வந்திருக்கீங்க? கஞ்சி வெள்ளை. இது ஏன் பழுப்பாச்சு, ஆறாம் கிளாஸ் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

சொன்னேன். நீராவி போய்விடும், மாவு போகாது. சூட்டுத் தகட்டில் ஒட்டிக் கருகும். பட்டுக்குச் சூட்டைக் குறைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகாமல் ஒழுகும். கருகியதையும் இழுத்துக்கொண்டு வரும். சாக்கட்டி கேட்டு வாங்கிப் பலகையில் படம் போட்டேன். அந்தக் காலையின் ஆத்திரம் முழுவதும் அந்தப் பலகையில் இருந்தது. இரண்டு சாக்கட்டி உடைந்தது.

வேலை கிடைத்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப என் கஞ்சியாலதான் வேலை கிடைச்சிருக்குன்னு சொல்லு."

இன்றைக்கும் விருந்தாளிகளிடம் அதையே சொல்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. படித்ததை ஆறு வருடம் மறக்காமல் வைத்திருந்தவள் நான். அந்தக் கறையைக் கட்டிக்கொண்டு படியிறங்கியவளும் நான்.