கிலோமீட்டர் கல்லில் சாய்ந்த சைக்கிள்

செவ்வாய்ப்பேட்டை சைக்கிள் கடையில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கருத்த முகம். விமானத்தில் வியட்நாமுக்குக் கொண்டுபோக, தன் சைக்கிளைத் தானே கழற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

போன வருடம் தனியாகச் சைக்கிளில் இலங்கையைச் சுற்றியபோது வாட்ஸ்அப் குழுவில் சொந்தக்காரர்களுக்கும் சினேகிதிகளுக்கும் அனுப்பிய படங்களைக் காட்டினார். நாளுக்கு ஒரு படம். எல்லாவற்றிலும் ஒரு கிலோமீட்டர் கல், அதில் சாய்ந்த சைக்கிள்.

"உங்க மொகமே இல்லீங்களே?" என்றேன்.

"மொகத்தத்தான் தெனமும் பாக்கறாங்களே. நான் எங்க நிக்கறேன்னு பாக்கட்டுமுங்க. எங்கண்ணன் குழுவ உட்டு வெளிய போனாரு. மறுக்காச் சேத்தி உட்டுட்டேன்."

"இருந்தாலும் பொம்பள ஒத்தையில அவ்வளவு தூரம் வேண்டாமுங்க." அக்கறையாகத்தான் சொன்னேன்.

அவர் என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பத்தாம் நாள் படம் வந்தது. வாயில் நுழையாத ஊர்ப்பெயர் எழுதிய கல்லில் அதே சைக்கிள். என்னையும் குழுவில் சேர்த்திருந்தார். குழுவின் பெயரை அப்போதுதான் பார்த்தேன்: 'போகாதேன்னு சொன்னவங்க.'

சுருக்கென்றது. வெளியேறலாம் என்று விரல் போனது. நாளைக்கு எந்தக் கல்லோ என்று விட்டுவிட்டேன்.