தேவகுமாரி படித்த பதினோராம் கதை

தேவகுமாரிக்குக் கடவுள் கொடுத்த சொத்து ஒன்றே ஒன்று. அது அவளுடைய குரல்.

எஸ்டேட் குடியிருப்பில் பிறந்து, மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்து, காப்பிப்பழம் பறிக்க இடுப்பில் கூடை கட்டியவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் ஆயா வேலை கிடைத்தது. தாய்மார்கள் தோட்டத்துக்குப் போனதும் வீறிட்டழும் பிள்ளைகளை அவள் ஆட்டித் தூங்கவைத்ததைவிடப் பேசித் தூங்கவைத்ததுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வாசகம் படிப்பதும் அவள்தான். அவள் படித்தால் பின்வரிசையில் கண்ணயர்ந்தவர்கூட நிமிர்ந்து உட்காருவார். "ஏனுங்கக்கா, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று கல்யாணப் பத்திரிகையோடும் மருந்துச் சீட்டோடும் அவள் வாசலில் யாராவது வந்து நிற்பார்கள்.

ஐம்பத்திரண்டாவது வயதில் அந்தக் குரலே அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் என்று யார் கண்டது?

மலையுச்சியில், ஒண்டிக்கடை நாற்சந்தியில் ஒரு கடையின் மாடியில் வாசகர் வட்டம் ஒன்று நடக்கிறது. வருஷம் ஒரு முறை கோடை விழா முடிந்த கையோடு கதைப் போட்டி வைப்பார்கள். மலையில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். முதல் பரிசுக் கதை சேலத்து வார இதழ் ஒன்றில் அச்சாகும். பணம் காசு கிடையாது. ஆனால் அச்சில் தன் பெயரைப் பார்ப்பதற்காகக் காப்பிக்காட்டில் களையெடுக்கிற பெண்கள்கூட விளக்கடியில் உட்கார்ந்து எழுதுவார்கள்.

முதல் வருஷம் பெரிய ரகளையாகிவிட்டது. கம்ப்யூட்டரில் அழகாக அச்சடித்து வந்த கதைக்குப் பரிசு போனது. மழையில் மை கரைந்துபோன ஒரு கையெழுத்துக் கதையை நடுவர்கள் ஒரு பக்கத்துக்கு மேல் படிக்கவே இல்லை என்பது பிறகு வெளியே வந்தது. வட்டத்தின் தலைவர் மரியஜோசப், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வெட்கிப்போனார். அடுத்த வருஷத்திலிருந்து ஒரு சட்டம் போட்டார்.

"கண்ணு ஏமாத்துதுங்க. இனிமே காதுக்குக் குடுப்போம்" என்றார்.

அதாவது, எழுதியவர் பெயரைக் கிழித்து உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். கதைக்கு ஓர் எண். எல்லாக் கதைகளையும் ஒரே ஆள் உரக்கப் படிக்க, நடுவர்கள் மூவரும் கேட்க வேண்டும். கையெழுத்தும் பிழையும் நல்ல தாளும் கெட்ட தாளும் அவர்கள் கண்ணில் படாது. ஒவ்வொரு கதை முடிந்ததும் ஒருவருக்கொருவர் பேசாமல், ஒரு துண்டுச்சீட்டில் மதிப்பெண் எழுதிக் கவிழ்த்துக் கொடுத்துவிட வேண்டும். கூட்டிச் சொல்வது எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் மாதேஸ்வரனின் வேலை.

இதைவிட நியாயமான முறை உண்டா? படிக்கிற ஆளாக மலை முழுக்கத் தேடி எடுத்ததுபோல் தேவகுமாரியை அமர்த்தினார்கள்.

இந்த வருஷம் போட்டி நடந்த சனிக்கிழமை மாடி ஜன்னலுக்கு வெளியே பனி வந்து ஏறிக்கொண்டிருந்தது. நடுவர் மேசையில் மரியஜோசப், அவருக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் பானு, ஓரத்தில் ஜீப் ஓட்டுகிற செங்கோடன். வாரப் பத்திரிகைத் தொடர்கதை எதையும் விடாமல் படிக்கிறவர் என்பதால் செங்கோடனுக்கு அந்த நாற்காலி கிடைத்திருந்தது. மொத்தம் பதினாலு கதைகள்.

ஏழாவது கதையைப் படிக்கும்போது தேவகுமாரிக்குத் தொண்டை வறண்டிருந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. மிளகு பறிக்கிற ஒருத்தியைப் பற்றிய கதை அது. கடகடவென்று முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

சாப்பிட்டு வந்து, பத்தாவதையும் முடித்து, கம்ப்யூட்டரில் அச்சடித்து வந்த பதினோராம் கதையை எடுத்தாள்.

வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்ட ஒரு பெண் தாய்வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். மழை கொட்டுகிறது. உள்ளே அப்பா தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கிறது. தேவகுமாரி அடுத்த வரியைப் படித்தாள்.

'கதவுக்கு அடியில் இருந்த சந்தில் அம்மாவின் கால்கள் தெரிந்தன. வார் அறுந்த நீலச் செருப்பில் ஊக்கு குத்தியிருந்தது. அந்தக் கால்கள் ஓரடி முன்னால் வரும் என்று நின்றேன். வரவில்லை.'

அந்த ஊக்கைக் குத்தியது தேவகுமாரியின் கைதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கதவுக்கு உள்ளே நின்றவள் அவளேதான். கணவன் லூர்துராஜ் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே அவள் பெற்ற ஒரே மகள் ஆஷ்லின், குப்பனூர்ப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு தாலியோடு நின்றாள். இரண்டு எட்டு வைத்திருந்தால் தாழ்ப்பாள் எட்டியிருக்கும். கால் எழவில்லை. மறுவருஷம் லூர்துராஜ் இறந்தபோது ஆஷ்லின் வந்தாள். கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிடி மண் போட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே பஸ் ஏறிப் போய்விட்டாள்.

எந்தத் தாய்க்குத்தான் மனசு கல்லாக இருக்கும்? தேவகுமாரி படித்தாள். படித்தாள் என்றா சொல்வது? தொட்டில் பிள்ளைகளைத் தூங்கவைத்த குரல், பலிபீடத்துக்கு முன்னால் நின்று வாசகம் சொன்ன குரல், அன்றைக்கு மகளுக்காக அந்த மாடியில் மன்றாடியது. அவள் நிறுத்திய இடத்தில் மூவரும் மூச்சை நிறுத்தினார்கள். பானு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செங்கோடன் தலை கவிழ்ந்திருந்தார். மரியஜோசப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

மூன்று சீட்டுகளும் கவிழ்ந்து வந்தன. கூட்டிப் பார்த்த மாதேஸ்வரனின் புருவம் ஏறியதைத் தேவகுமாரி கவனித்தாள்.

முதல் பரிசு இதற்குத்தான். பெயர் அச்சில் வரும். பரிசு வாங்க ஆஷ்லின் இந்த மாடிப்படி ஏறி வந்தே ஆக வேண்டும். பெற்றவள் செய்யாத ஒன்றைப் பெற்றவளின் குரல் செய்துவிட்டது. தேவகுமாரிக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது.

மிச்சக் கதைகளையும் படித்து முடித்தாள். தாள்களை எண்வரிசைப்படி அடுக்கும்போது ஏழாவது கதை மேலே வந்தது. அதன் கடைசி வரி கண்ணில் பட்டது. 'நடுவில் ஒரு படி கட்டினாள்.'

என்ன படி, எதற்குக் கட்டினாள்? அவளுக்கு நினைவே வரவில்லை. தானே வாய்விட்டுப் படித்த கதை. தாகத்தோடு தாகமாக விழுங்கித் தள்ளிய கதை.

சுரீரென்றது அவளுக்கு. இந்த ஏழாம் எண்ணுக்கும் எங்கேயோ ஒரு தாய் இருப்பாளே. அந்தத் தாய்க்கு இந்த மாடியில் வந்து நின்று படிக்கக் குரல் இல்லையே.

"என்னுங்க தேவகுமாரி, மொகமே செத்துக் கெடக்குது. காப்பி சொல்லட்டுங்களா?" என்றார் செங்கோடன்.

அவள் எழுந்து நின்றாள். அந்த ஒரு நிமிஷம் அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். அந்த ரகசியம் அவளோடு கல்லறைக்குப் போயிருக்கும்.

"அய்யா, இந்த மார்க்கையெல்லாம் கிழிச்சுப் போடுங்க" என்றாள்.

மரியஜோசப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க?"

"ஒரு கதை யாரு எழுதுனதுன்னு படிக்கறப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. அதுக்கு என் உசுரையே குடுத்துப் படிச்சுட்டேன். மத்ததுக்குக் குடுக்கல. நீங்க மார்க்குப் போட்டது கதைக்கு இல்லைங்க. என் தொண்டைக்கு."

கீழே கடையில் யாரோ ஷட்டரை இழுக்கிற சத்தம் கேட்டது.

"எந்த நம்பருங்க?" என்றாள் பானு மெதுவாக.

"அதச் சொன்னா இன்னொரு தப்பாயிருங்க, நர்சம்மா. அதுக்கு நீங்க கொறச்சுப் போட்டுருவீங்க. வேற ஆள வெச்சு முதல்ல இருந்து படிக்கச் சொல்லுங்க."

மரியஜோசப் மதிப்பெண் சீட்டுகளை நாலாகக் கிழித்தார். "கையெழுத்த மறைச்சோம், பேர மறைச்சோம். குரல மறைக்கணும்னு தோணலையே" என்றார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்து, "ரைட்டரே, நாளைக்குக் கோயில் முடிஞ்சதும் நீங்க படிங்க" என்றார்.

மாதேஸ்வரன் திடுக்கிட்டார். "நானுங்களா? நான் காலைல பேர் கூப்பிடறதத் தவிர வாய்விட்டு எதுவும் படிச்சதில்லைங்களே."

"அதுக்குத்தானுங்க."

எஸ்டேட்டில் விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிறவர் மாதேஸ்வரன். இருபது வருஷமாக ஒரே சுருதி. வேண்டியவன் பெயரும் வேண்டாதவன் பெயரும் அவர் வாயில் ஒன்றுபோலத்தான் வரும். அந்தச் சுருதியிலேயே ஞாயிற்றுக்கிழமை பதினாலு கதைகளையும் படித்தார். ஒவ்வொரு வாக்கியமும் முடிந்ததும் யாரோ பதில் சொல்லக் காத்திருப்பவர்போல ஒரு கணம் நின்றார்.

"'வந்தேனுங்க'ன்னு சொல்லணுமாட்டம் இருக்குதுங்க ரைட்டரே" என்றார் செங்கோடன். அன்றைக்கு அந்த அறையில் சிரிப்பு கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஏழாவது கதை வந்தது. மிளகுக்கொடி ஏறிய சவுக்கு மரத்தில் சாத்திய மூங்கில் ஏணி. செத்துப்போன புருஷன் தன் காலுக்குத் தோதாகக் கட்டியது. அவளுக்கு ஒரு படியிலிருந்து அடுத்த படி எட்டாது. எட்டி எட்டி ஏறுகிறாள். அவன் கட்டியதை மாற்ற மனமில்லை. ஒருநாள் தவறி விழுகிறாள். தேறி எழுந்ததும் ஒரு மூங்கில் துண்டை வெட்டுகிறாள். நடுவில் ஒரு படி கட்டினாள். அவ்வளவுதான் கதை. பெயர் கூப்பிடுகிற குரலில் அது முடிந்தபோது, சீட்டில் எழுதுவதற்கு மூவருக்கும் சற்று நேரம் பிடித்தது.

பதினோராவது கதையும் வந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த தேவகுமாரி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். செருப்பு வரியில் நெஞ்சு அறுந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஓடிய மூன்று பக்கங்களில் 'அய்யோ' என்றும் 'தெய்வமே' என்றும் இருந்ததே தவிரக் கதை நின்ற இடத்திலேயே நின்றது. நேற்று அந்தப் பள்ளத்தையெல்லாம் அவளுடைய கண்ணீர்தான் நிரப்பியிருந்தது. பெற்ற வயிறு எரிந்தாலும் கேட்கிற காதுக்கு அது தெரிந்தது.

ஏழாம் எண்ணுக்கு முதல் பரிசு. பதினோராம் எண்ணுக்கு எந்தப் பரிசும் இல்லை.

உறைகளைப் பிரித்தார்கள். ஏழு, கிளியூர் சின்னத்தாயி. பதினொன்று என்ற உறையைப் பிரித்த செங்கோடன் பெயரைப் பார்த்தார். தேவகுமாரியைப் பார்த்தார். அவர் ஜீப் ஓடுவது குப்பனூர் ரோட்டில். அவர் வாயில் எதுவும் தங்காது என்பது மலை முழுக்கத் தெரிந்த விஷயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரிசு கொடுத்தார்கள். சின்னத்தாயியோடு அவளுடைய தாயும் வந்திருந்தாள். முட்டிவலிக்காரி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி வந்தாள். மகள் கையில் பரிசு வந்ததும் அந்தத் தாய் பக்கத்திலிருந்த தேவகுமாரியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். யாரென்று தெரியாமலேதான் பிடித்தாள். தேவகுமாரி அந்தக் கையை விடுவிக்கவில்லை.

கூட்டம் கலைந்து கீழே இறங்கியவள் எதிரே பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். ஆஷ்லின் நின்றிருந்தாள். கையில் அவளுடைய கதைத்தாள்கள். பரிசு பெறாத கதைகளை அன்று காலையிலேயே மரியஜோசப் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தேவகுமாரி ரோட்டைக் கடந்தாள். ஹாரன் அடித்த வண்டி எதுவும் அவள் காதில் விழவில்லை.

"செங்கோடண்ணன் சொன்னாரு" என்றாள் ஆஷ்லின். அந்நிய மனுஷியிடம் பேசுகிற குரல். "மொதப் பரிசு எனக்குத்தான் வந்துச்சாம். நீங்கதான் நிறுத்துனீங்களாம்."

"ஆமா கண்ணு."

"அன்னிக்குக் கதவுக்குப் பின்னால நின்னீங்க. அப்பாவுக்குப் பயந்தீங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இப்ப யாருக்குங்க பயந்தீங்க?"

"பயமில்ல சாமி. உனக்குன்னா நான் என்ன வேணும்னாலும் பண்ணுவேன். ஆனா அந்த மேசை மேல இன்னும் பதிமூணு பேரு இருந்தாங்க. உன்ன மாதிரியே எங்கெங்கயோ காத்துக்கிட்டு. அவங்க கதவையும் நான் சாத்தியிருப்பேன்."

ஆஷ்லின் தாள்களைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"கதை நல்லால்லைன்னாங்களா?" என்றாள் கடைசியில்.

"செருப்பு வரி மட்டும் ரைட்டர் படிச்சும் நின்னுச்சுன்னு பானு சொல்லுச்சு. அதுக்கப்புறம் நொம்ப அழுதுட்டியாம்."

"அழுதுக்கிட்டேதான் எழுதுனேன்."

"தெரியும்."

குப்பனூர் வழியாகச் சேலம் போகிற பஸ் ஏரிப் பக்கத்திலிருந்து திரும்பி வருவது தெரிந்தது. ஆஷ்லின் பையைத் தோளில் மாட்டினாள். மாட்டியவள், கையிலிருந்த தாள்களைச் சட்டென்று அம்மாவிடம் நீட்டினாள்.

"அவங்க எல்லாரும் அழுதாங்களாமே. எனக்குப் படிங்க."

தேவகுமாரி வாங்கிக்கொண்டாள். மழை கொட்டுகிற இடத்தைப் படித்தாள். தாழ்ப்பாள் சத்தத்தைப் படித்தாள். எங்கே போயிற்று அந்தக் குரல்? ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, கல்லைப் பொறுக்கி வைப்பதுபோல வந்தது. நீலச் செருப்பு என்ற இடத்தில் அதுவும் நின்றுவிட்டது.

"என்னம்மா, ரைட்டர் பேர் கூப்பிடற மாதிரி படிக்கிற நீ" என்றாள் ஆஷ்லின். சிரிக்கத்தான் முயன்றாள். பாதியில் முகம் கோணி, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "குப்பனூர், குப்பனூர்… ஏறுறீங்களா?" என்றார்.

"நீங்க போங்கண்ணா" என்றாள் ஆஷ்லின். "இது இன்னும் மூணு பக்கம் இருக்குது."

தேவகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்தைத் தேடி எடுத்தாள்.