செண்பகம் நிறுத்திய நெட்

மயிலாப்பூர் மார்க்கெட் பக்கத்துச் சந்தில் சாவு போஸ்டர் வேண்டுமென்றால் எல்லோரும் செண்பகத்திடம்தான் வருவார்கள். கண்ணீர் அஞ்சலி, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று இந்தப் பேட்டையில் போய்ச் சேர்ந்தவர்களின் முகமெல்லாம் அவள் கம்ப்யூட்டரில்தான். பக்கத்துக் கடையில் ரீசார்ஜ் போட்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு அவள்மேல் மரியாதையும் உண்டு, கடுப்பும் உண்டு. காசு விஷயத்தில் யார் பேச்சையும் கேட்க மாட்டாள்.

அவள் முன்பு வைத்திருந்த நெட் கம்பெனிக்காரர்கள் அந்தப் படங்களுக்குத் தங்களிடமும் ஒரு பிரதி வைத்திருந்தார்கள். அதற்கு மாசாமாசம் தனியாகப் பணம். "தண்டச் செலவுண்ணா. அதான் டப்பாவுல எல்லாம் கீதுல்ல?" என்று விலை குறைந்த நெட்டுக்கு மாறினாள். படித்துப் படித்துச் சொன்னேன், கேட்டால்தானே. போன வாரம் அந்த டப்பா, அதான் ஹார்ட் டிஸ்க், மண்டையைப் போட்டது.

நேற்று கன்னியம்மா வந்து நின்றாள். மகன் கதிரேசன் பைக் விபத்தில் இறந்து, வருகிற வெள்ளிக்கிழமையோடு ஒரு வருஷம் ஆகிறது. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் நின்றவனைத் தனியாக வெட்டியெடுத்து, செண்பகம்தான் அப்போது போஸ்டர் போட்டாள். படம் இருந்த போன், கால்வாய் ஓரக் குடிசைகளைக் காலி செய்தபோது அவர்களுக்கு அரசாங்கம் வீடு கொடுத்த பெரும்பாக்கத்தில் மழைத் தண்ணீரில் நாசமாகிவிட்டது. வேறு படம் கிடையாது.

"அதே மூஞ்சி போடும்மா. சிரிச்சிக்கினு இருப்பானே, அது."

"குந்தும்மா, எட்த்துத் தரேன்" என்று அவளைத் தன் கடையில் உட்கார வைத்துவிட்டு, செண்பகம் என்னிடம் ஓடிவந்தாள். "அண்ணா, அந்தம்மாகிட்ட இன்னான்னு சொல்லுவேன்?" திட்டத்தான் வாய் வந்தது. முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

பழைய நெட்காரர்களுக்குப் போன் போட்டோம். பாட்டுப் போட்டே கழுத்தை அறுத்தார்கள். கடைசியில் ஒரு பெண் பேசினாள். இணைப்பை நிறுத்தினால் படங்களைக் கொஞ்ச நாள்தான் வைத்திருப்பார்களாம், பிறகு அழித்துவிடுவார்களாம். இருக்கிறதா இல்லையா என்பது பணம் கட்டித் திறந்தால்தான் தெரியுமாம். இல்லாவிட்டாலும் பணம் திரும்பாது. முன்பு கட்டியதைவிட இரண்டு பங்கு கேட்டாள். செண்பகம் பேரம் பேசாமல் பணம் கட்டி நேற்றுதான் பார்த்தேன்.

என் கம்ப்யூட்டரில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. செண்பகம் துப்பட்டா நுனியைக் கடித்தபடி நின்றாள்.

"கெட்ச்சிதாம்மா?" என்று கன்னியம்மாவின் குரல் கேட்டது.

"நெட்டு ஸ்லோவா கீதும்மா."

பொய்யை அவள் சொல்லி முடிக்கவும் படம் திறக்கவும் சரியாக இருந்தது. கதிரேசன் சிரித்தான். செண்பகம் என் மேஜையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டாள்.

நாங்கள் போனில் பேசியதையெல்லாம் கன்னியம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மெதுவாக எழுந்து வந்து மகனைப் பார்த்தபடி நின்றாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"மாசம் எவ்ளோம்மா அதுக்கு? நானும் தரேன். கால்வா ஓரத்துலேந்து எங்களத்தான் காலி பண்ணி அனுப்பிட்டாங்கோ. இவனயாச்சும் காலி பண்ணிடாதம்மா."