மண்ணுக்கடியில் நாற்பத்தெட்டு

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நானும் பேய் என்றால் வாய்விட்டுச் சிரித்த ஆள்தான். ஆனால் இது நடந்தது. என் அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, பட்டப்பகலில் நடந்தது. இதன் கடைசிப் பகுதிக்கு நானே சாட்சி.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். எதை வாங்கினாலும் அதன் கையேட்டை முழுதாகப் படிக்காமல் சுவிட்சைத் தொடமாட்டார். புது இஸ்திரிப்பெட்டி வந்த அன்று கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போன மனிதர். அவருக்குத் திடீரென்று பழைய நாணயம் தேடும் ஆசை வந்து, ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினார். நீளமான கம்பு, அடியில் தட்டு மாதிரி வட்டத் தலை, பிடியருகே சின்னத் திரை, காதுக்கு ஹெட்போன்.

"காசு கிடைக்குதோ இல்லையோ, வீட்டைச் சுத்திப் பள்ளம் நிச்சயம்," என்று அக்கா கேலி செய்தாள்.

வெளியே தேடப் போகும் முன் மெஷினோடு பழகச் சொன்னது கையேடு. தெரிந்த பொருள்களைத் தெரிந்த ஆழத்தில் புதைத்து, எதற்கு என்ன சத்தம், திரையில் என்ன எண் என்று மனப்பாடம் செய்ய வேண்டும். அத்தான் கொல்லைப்புறத்தில் ஆணி, பாட்டில் மூடி, செப்புக்காசு, வெள்ளிக்காசு என்று வரிசையாகப் புதைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு குச்சி நட்டார். ஆணிக்கு 'உர்ர்'. வெள்ளிக்கு 'டிங்'. தங்கத்தின் சத்தம் மட்டும் தெரியாமல் தவித்தார்.

"மோதிரத்தைக் கொஞ்சம் கழட்டிக் குடேன். பத்தே நிமிஷம்."

"கல்யாணத்தன்னைக்கு நீங்க போட்டது. கழட்ட மாட்டேன், போங்க."

அந்த மோதிரத்தைக் கழற்ற வைத்தது ஆஸ்பத்திரி. அக்கா வயிற்றில் கட்டி. ஆபரேஷனுக்கு உடம்பில் பொட்டு நகைகூட இருக்கக்கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அக்கா சோப்புப் போட்டுக் கழற்றி அத்தான் கையில் வைத்தாள். "பத்திரம். நான் வெளிய வந்ததும் நீங்களேதான் போட்டுவிடணும்," என்றாள். அத்தான் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆபரேஷன் மாலைக்குத் தள்ளிப்போனது. நான்தான் அவரை வற்புறுத்தி வீட்டுக்கு அனுப்பினேன். "நான் பாத்துக்கறேன் அத்தான். குளிச்சிட்டு வாங்க."

குளித்துவிட்டு வந்தும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லையாம். எதையாவது செய்யாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்திருக்கிறது. சட்டைப்பையில் மோதிரம். மூலையில் மெஷின். ஒரே ஒரு நிமிஷம் என்று நினைத்துக் கொல்லைக்குப் போனார். நாலு விரல் ஆழத்தில் மோதிரத்தைப் புதைத்தார். மேலே குச்சி நட்டார்.

மெஷினை இடமும் வலமுமாக ஆட்டினார். 'டொய்ங்'... மிருதுவான சத்தம். திரையில் நாற்பத்தெட்டு. அன்று முதல்முறையாகச் சிரித்தாராம்.

மெஷினை அணைக்காமல் கீழே வைத்துவிட்டு, தோண்டுவதற்குக் குனிந்தார். ஹெட்போன் காதிலேயே இருந்தது.

டிக்... டிக்... டிக்...

மெஷின் அசையாமல் கிடந்தது. சத்தம் மட்டும் வந்தது. சீராக. ஏறி... இறங்கி... ஏறி... இறங்கி. கையேட்டில் இதைப் படித்தது அவருக்கு நினைவு வந்தது. பக்கத்தில் இன்னொருவர் மெஷினை ஆட்டினால் இப்படித்தான் கேட்கும்.

எழுந்து சுவருக்கு அந்தப்பக்கம் பார்த்தார். வெறும் சந்து. ஆள் நடமாட்டமே இல்லை. நல்ல வெயில்.

டிக்... டிக்... டிக்...

இப்போது இன்னும் பக்கத்தில்.

அவசரமாகத் தோண்டினார். நாலு விரல் ஆழம். மோதிரம் இல்லை. மண்ணைச் சலித்துப் பார்த்தார். இல்லை. மெஷினைப் பள்ளத்தின்மேல் காட்டினார். நாற்பத்தெட்டு.

ஒரு சாண் தோண்டினார். இல்லை. காட்டினார். நாற்பத்தெட்டு.

ஒரு முழம். மோதிரம் மாதிரிச் சின்னப் பொருள் அந்த ஆழத்தில் இந்த மெஷினுக்குக் கேட்கவே கேட்காது. அவருக்கு அது தெரியும். ஆனாலும் நாற்பத்தெட்டு. முன்பைவிடத் தெளிவாக.

நகக்கண்ணில் ரத்தம் வர, கையாலேயே பறித்தார். "குடுத்துடு... அவளோடது... குடுத்துடு..." யாரிடம் கெஞ்சுகிறோம் என்றே தெரியாமல் கெஞ்சினாராம்.

டிக்... டிக்...

நின்றது.

போன் அடித்தது. நான்தான். மணி நாலு பத்து.

"அத்தான், சொன்ன நேரத்துக்கு முன்னாடியே அக்காவை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. உடனே வாங்க."

மண்ணும் ரத்தமுமாக வந்து நின்றார். மோதிரத்தைத் தொலைத்துவிட்டேன் என்று என் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார். அக்காவை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்வரை அவள் கையைப் பிடித்திருந்தவன் நான். விரல் வெறுமையாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வெறுமையாக இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்காவை வெளியே கொண்டுவந்த நர்ஸ் எங்களிடம் எரிந்துவிழுந்தார்.

"மோதிரம் போடக்கூடாதுன்னு சொன்னேன்ல? எப்ப போட்டீங்க?"

போர்வையை விலக்கினேன்.

மோதிரம் அக்கா விரலில் இருந்தது. அதைச் சுற்றி ஈர மண்.

அக்கா அரைக்கண் திறந்தாள். அத்தானைப் பார்த்துக் குழறினாள். "நீங்கதானே வந்து போட்டீங்க... கை ஏன் அவ்ளோ ஜில்லுனு இருந்துச்சு? எதையோ என்மேல ஆட்டிக்கிட்டே இருந்தீங்க... இடது, வலது... இடது, வலது..."

அத்தான் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அக்கா வீடு திரும்பிவிட்டாள். நலமாக இருக்கிறாள். மோதிரம் மட்டும் கழலவில்லை. சோப்புக்கும் கழலவில்லை, எண்ணெய்க்கும் கழலவில்லை. நடந்த எதையும் நாங்கள் அவளிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் அவள் தூங்கும்போது அத்தான் மெஷினை அவள் விரல்மேல் காட்டினார். சத்தமே இல்லை. திரை வெறுமையாக இருந்தது. தங்க மோதிரத்துக்கு... சத்தமே இல்லை.

கொல்லைக்குப் போனார். குச்சி நட்ட இடத்திலும் ஒன்றுமில்லை. நாலடி தள்ளி, வீட்டுப் பக்கமாக, நாற்பத்தெட்டு.

அடுத்த வாரம் சமையலறைப் படிக்கட்டருகே.

நேற்று மதியம் ஹெட்போனை நானே மாட்டிக்கொண்டு தேடினேன். அத்தான் பக்கத்தில் நின்றார். படுக்கையறையின் வெளிச்சுவரோரம் வந்ததும் 'டொய்ங்' என்றது. விட்டுவிட்டுக் கேட்டது. சரியான இடம் பிடிபடவில்லை.

ஹெட்போனைக் கழற்றினேன்.

ஜன்னல் சாத்தியிருந்தது. திரைச்சீலை போட்டிருந்தது. உள்ளே அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள், ஒரு நிமிஷம் முன்புதான் பார்த்துவிட்டு வந்தேன்.

உள்ளேயிருந்து அவள் குரல் மெதுவாகக் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."