எல்ஸ்பெத் பாதியில் திரும்பிய நாள்

ஸ்காட்லாந்தில் எங்கள் ஊர் மலைக்குக் குளிர்காலத்திலும் ஆட்கள் ஏற வருவார்கள். அவர்களுக்காக எல்ஸ்பெத் பதினோரு குளிர்காலமாகத் தினமும் விடிந்ததும் உச்சிவரை போய், பனியையும் காற்றையும் அளந்து, அடிவாரப் பலகையில் எழுதிவந்தாள்.

ஒரு பிப்ரவரி காலை, மேல்சரிவில் கால் வைத்ததும் பனிக்கு அடியில் 'தொம்' என்று சத்தம் கேட்டது. காலடியிலிருந்து ஒரு விரிசல் ஓடியது. காற்று கொண்டுவந்து குவித்த புதுப்பனி, அடிப்பனியோடு ஒட்டவில்லை. வந்த தடத்திலேயே மெல்ல இறங்கினாள்.

பலகையில், "இன்று உச்சிக்குப் போகவில்லை. பயந்து திரும்பிவிட்டேன்" என்று எழுதினாள்.

தேநீர்க்கடை ரூரி சிரித்தான். "ஏம்மா, பயந்தேன்னு ஊருக்கே தண்டோரா போடணுமா? பனிச்சரிவு அபாயம்னு எழுதினா போதாதா?"

"அதைத்தான் வாரத்துல நாலு நாள் எழுதுறேன். படிச்சிட்டு ஏறத்தான செய்றாங்க?"

சற்று நேரத்தில் பனிக்கோடரியோடு இருவர் வந்து பலகையைப் படித்தார்கள். "தினம் போறவங்களே திரும்பிட்டாங்களாம். வா, சூப் குடிக்கலாம்" என்றாள் அவர்களில் ஒருத்தி.

மதியம் மேல்சரிவு முழுவதும் உடைந்து இறங்கியது. அங்கே யாரும் இல்லை.

மறுநாள் எல்ஸ்பெத் வேறு பக்கமாக ஏறி, பனி உடைந்த விளிம்பின் கனத்தை அளந்தாள். எழுபது சென்டிமீட்டர் கனப் பனி மொத்தமாகச் சரிந்திருந்தது.